பதினஞ்சு புத்தகமும் ஒரு பஞ்சாங்கமும்

ஏலே பேராண்டி, இப்படித் திண்ணையில வந்து உக்காரு. உன் கட்டிலுக்கு மேல சுவத்துல கலர் கலரா ஒரு தாளு ஒட்டியிருக்கியே, அதை உங்க ஆச்சி ரயில் டைம்டேபிள்னு நெனச்சு, மெட்ராஸ் வண்டி எத்தனை மணிக்குன்னு பாத்துச் சொல்லுங்கன்னா. நானும் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் போய்ப் பாத்தேன். வண்டியுமில்லை, ஸ்டேஷனுமில்லை. விஞ்ஞானக் கதை எழுதுன அசிமோவோட புத்தகத்துல எதை முந்தி வாசிக்க, எதைப் பிந்தி வாசிக்கன்னு பச்சை, மஞ்சள், சிவப்புல கோடு கிழிச்சு அம்பு விட்டிருக்கே. நல்ல வேலைப்பாடு. ஆறு மாசமா இந்த வேலைதான் நடக்குதாமே, உங்கம்மா சொன்னா. புத்தகம் வந்த பார்சலைத்தான் நீ இன்னும் பிரிக்கலை. அதுவும் வீணாப் போகலை, ஆச்சி ஊறுகாய் ஜாடி மேல பாரமா வெச்சிருக்கா.

பத்துப் பொருத்தமும் பாத்துக்கிட்டே இருந்து மாப்பிள்ளைக்குத் தலை நரைச்ச கதை தெரியுமா? தெரியாதா? சரி, கண்ணாடியில பாத்துக்க.

இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும்னு நெனக்காதே. முப்பது வருஷம் ரயில்வே கேட்டுல கொடி பிடிச்சவன். ஒரு வண்டி போனா அடுத்த வண்டிக்கு மூணு மணி நேரம் கெடக்கும். வேப்பமரத்தடியில வாசிக்காம வேற என்ன செய்ய? மதுரையில நடைபாதைக் கடையில அட்டை கிழிஞ்ச புத்தகம் ஒண்ணு கெடச்சது, ‘ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்’. அது ரெண்டாவது புத்தகம்னு எனக்குத் தெரியாது. நடுவுல ஏறுன பிரயாணி மாதிரி ஓரமா உக்காந்துக்கிட்டேன். பத்துப் பக்கத்துல எல்லாரும் பழகிட்டாங்க. ‘மியூல்’னு ஒருத்தன் வாரான் பாரு, அவன் கதையை முடிக்கையில தூரத்துல இஞ்சின் ஊதுது, நான் கேட்டைச் சாத்தாம உக்காந்திருக்கேன். எந்திரிச்சு ஓடுன ஓட்டம் இப்பவும் முழங்கால்ல இருக்கு.

சரி, உன் தாளுக்கு வாரேன். கதை நடக்குற காலப்படி அடுக்கியிருக்கே. ரோபோ முதல்ல, அப்புறம் பேரரசு, அப்புறம் ஃபவுண்டேஷன். கேக்க ஒழுங்காத்தான் இருக்கு. ஆனா அந்த மனுசன் அப்படி எழுதலையே ராசா. 1941 ஆகஸ்டு மாசம், இருபத்தொரு வயசுப் பையன் நியூயார்க்குல பாதாள ரயில்ல ஏறிக் காம்பெல்ங்கிற பத்திரிகை ஆசிரியரைப் பாக்கப் போறான். கையில கதை இல்லை. மடியில இருந்த ஒரு நாடகப் புத்தகத்தைப் பிரிச்சா, தேவதை ராணி ஒரு சிப்பாய் முன்னால மண்டி போட்டிருக்குற படம். சிப்பாயிலேர்ந்து படை, படையிலேர்ந்து பேரரசு, பேரரசுன்னா ரோமாபுரி விழுந்த கதைன்னு நெனப்பு ஓடியிருக்கு. ரோமாபுரிக்குப் பதிலா நட்சத்திரக் கூட்டம் மொத்தத்தையும் விழ வெச்சா என்னன்னு யோசிச்சுக்கிட்டே இறங்கிட்டான். முப்பதாயிரம் வருஷம் இருட்டு வரப்போகுது, அதை ஆயிரம் வருஷமாச் சுருக்குறதுக்குக் கணக்குப் போட்டு வெச்சிட்டுப் போறார் ஹாரி செல்டன்னு ஒரு கணக்கு வாத்தியார். கதை இவ்வளவுதான். 1942-லேர்ந்து 1950 வரைக்கும் பத்திரிகையில துண்டு துண்டா வந்ததை 1951, 52, 53-ல மூணு புத்தகமாத் தெச்சாங்க. அதுலயும் கூத்து என்னன்னா, முதல் புத்தகத்தோட முதல் பகுதிதான் கடைசியில எழுதுனது. வாசல் இல்லாம வீட்டைக் கட்டி, குடிபோற அன்னிக்கு வாசல் வெச்ச மாதிரி.

அந்த மூணுலயும் ரோபோவைத் தேடாதே, இருக்காது. ரோபோக் கதை தனிக் கிணறு. முப்பது வருஷம் கழிச்சுத்தான் மனுசன் ரெண்டு கிணத்துக்கும் நடுவுல வாய்க்கா வெட்டுனார். பதிப்பாளர் பெருந்தொகையை முன்பணமாக் கையில வெச்சு, நாலாவது எழுதுய்யான்னு நெருக்கவும், பழைய மூணையும் எடுத்து வாசிச்சுப் பாத்திருக்கார். எப்படா ஏதாவது நடக்கும்னு காத்துக்கிட்டே இருந்தேன், எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்கன்னு அவரே சொல்லிச் சிரிச்சுக்கிட்டார். நம்ம ஊர்ப் பஞ்சாயத்துலயும் அப்படித்தானே, வெட்டுக்குத்தை எவன் பாத்தான், பேச்சுத்தான். அப்புறம் 1982-ல நாலாவது, 1986-ல அஞ்சாவது.

அதுக்கு மேல என்ன எழுதன்னு தெரியலை போல, பின்னால நடந்தார். அப்பன் பொறக்குமுன்னே மகன் பொறந்த கதையா, செல்டனோட வாலிபத்தை 1988-ல எழுதுனார். அந்தப் புத்தகத்து முகப்புலயே, கதை நடக்குற வரிசை இதுதான்னு பதினாலு புத்தகத்துக்கு நம்பர் போட்டுக் கொடுத்தார். நீ அதைத்தானே காப்பி அடிச்சிருக்கே? அதுல ட்ரான்டர்ங்கிற ராஜ்ஜியம் பாதி வானத்தைப் பிடிச்சு நிக்குற கதை முந்தி இருக்கு, ட்ரான்டர் பேரே அடிபடாத கதை பிந்தி இருக்கு. பெத்தவனே பிள்ளைகளை வயசு மாத்திச் சொல்லியிருக்கான், நீ ஜாதகம் எழுத வந்துட்டே! அந்தப் பேரரசுக் கதை மூணையும் விட்டாலும் குடி முழுகாது. அதுல ‘தி ஸ்டார்ஸ், லைக் டஸ்ட்’ அவருக்கே பிடிக்காத நாவல்.

இன்னொண்ணு சொல்றேன், காதைக் கொடு. 1993-ல வந்துச்சே ‘ஃபார்வர்டு தி ஃபவுண்டேஷன்’, அது வரும்போது மனுசன் இல்லை, 92 ஏப்ரல்ல போய்ச் சேர்ந்துட்டார். அதுல செல்டன் கிழவனாகிறார். கூட இருந்தவங்க ஒவ்வொருத்தரா உதிர்றாங்க, இடுப்பு பிடிச்சுக்குது, வேலை மட்டும் முடியலை. எழுதுனவரும் அதே கதிதான்னு வாசிக்கிறவனுக்குத் தெரிஞ்சிரும். உன் தாளுல அதுக்கு அடுத்த கட்டத்துல என்ன போட்டிருக்கே? 1951 புத்தகம். சாகப்போற கிழவன் எழுதுனதை முந்தி வாசிச்சு, அதே ஆள் மீசை அரும்புற வயசுல எழுதுனதைப் பிந்தி வாசிக்கணுமா? இருபதாயிரம் வருஷம் தள்ளி நடக்குற கதையில மேயர் சுருட்டுப் பிடிக்கிறார்டா! பையன் எழுத்துன்னா சிரிச்சுக்கிட்டே ரசிப்பே. கிழவன் எழுத்துக்குப் பின்னால வெச்சா உனக்குக் குத்தமாத்தான் தெரியும்.

அதனால பழைய மூணை முதல்ல முடி. அப்புறம் ரோபோச் சிறுகதை, அதுக்கடுத்து மனுசப் போலீசும் ரோபோவும் சேந்து துப்புத் துலக்குற 1954, 57 நாவல் ரெண்டு. மத்ததெல்லாம் எழுதுன வருஷப்படி. 1986 புத்தகத்தோட கடைசித் தாள்கள்ல ஒருத்தர் காத்துக்கிட்டு இருப்பார். 1988-ஐ முந்தி வாசிச்சிட்டா அவர் ஏற்கெனவே விருந்துக்கு வந்துபோன சொந்தக்காரர், திடுக்குனு இருக்காது. அசிமோவ் போன பிறகு வேற மூணு பேர் ஆளுக்கொண்ணு எழுதியிருக்காங்க, அதை உன் கல்யாணத்துக்கப்புறம் பாத்துக்கலாம்.

இவ்வளவு பேசுற நான் ஒழுங்கா வாசிச்சேனான்னு கேளு. இல்லை. ரெண்டாவதுக்கு அப்புறம் என் கைக்குச் சிக்குனது நாலாவது. செல்டன் மறைச்சு வெச்ச ரெண்டாவது ஃபவுண்டேஷன்ங்கிற கூட்டம் எங்கே ஒளிஞ்சிருக்குன்னு மூணாவது புத்தகத்துல ஊரே தேடுது. நாலாவதுல அதைத் தொடக்கத்துலயே போட்டு உடைச்சிருக்கார். நாலு வருஷம் கழிச்சு மூணாவது கெடச்சப்ப, திருடன் யாருன்னு தெரிஞ்சிக்கிட்டே திருட்டுக் கேசுக்குச் சாட்சி சொல்லப் போனவன் மாதிரி உக்காந்து வாசிச்சேன். அந்த வயித்தெரிச்சல் எனக்கு இன்னும் தீரலை.

அதான் நேத்து ராத்திரி நானே பார்சலைப் பிரிச்சேன். முதல் புத்தகம் உன் தலையணைக்கு அடியில இருக்கு, ரெண்டாவது பீரோ மேல. மத்ததைப் பழையபடி கட்டி ஜாடி மேலயே வெச்சிட்டேன், மூணாவதைத் தவிர. அது அரிசி டிரம்முக்குள்ள அடியில கெடக்கு. ரெண்டாவதை முடிச்சிட்டு வா, மியூல் யாருன்னு என் காதுல சொல்லு, நானே தோண்டி எடுத்துத் தாரேன். ஆச்சிகிட்ட மட்டும் சொல்லிராதே.