கடாரம் கொண்டவனும் கயானா போனவனும்

எங்கள் திருவண்ணாமலையில் வெள்ளைக்காரர் காவி வேட்டி கட்டி வந்தால் ஆட்டோக்காரர்கூட "வாங்க சாமி" என்பார். போன கார்த்திகைக்கு முன்னால் செங்கம் சாலையில் என்னோடு டீ குடித்தவருக்கு எங்கள் பக்கத்து நிறம், எங்கள் பக்கத்து மூக்கு. பேசியது மட்டும் கயானா இங்கிலீஷ். ஆட்டோக்காரர் என் காதைக் கடித்தார்: "யாருண்ணே, ஆந்திராவா?"

அவர் கையில் ஒரு சீட்டின் நகல். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய முப்பாட்டனின் வயது, உயரம், சாதி, உடம்பிலிருந்த தழும்பு எல்லாம் அதில் உண்டு. மாட்டுச் சந்தையிலாவது பல்லைப் பார்த்ததோடு விடுவார்கள். ஊர்ப்பெயரை மட்டும் குமாஸ்தா கிறுக்கிய கிறுக்கில், இந்தப் பக்கத்து ஐந்து கிராமங்களுக்குப் பொருத்தலாம். ஜில்லா: தென்னாற்காடு. அப்போது திருவண்ணாமலை அதில்தான் இருந்தது.

கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "தென்னாற்காடா? கடலூருக்குப் போங்க." போனோம். "இந்தத் தாலுகா உங்க மாவட்டம் சார். 1989லயே தனியாப் பிரிச்சாச்சே!" முப்பாட்டன் கடல் தாண்ட மூன்று மாதம் ஆனதாம். பேரனால் இரண்டு மேசையைத் தாண்ட முடியவில்லை.

சங்கதி இதுதான். அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது, அடிமைகளுக்கு அல்ல, ஆண்டைகளுக்கு. லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கிய தோட்ட முதலாளி ஜான் கிளாட்ஸ்டன், அடுத்த கூலிக்குக் கல்கத்தாவுக்குக் கடிதம் போட்டார். 1838இல் கயானாவுக்கு முதல் இரண்டு கப்பல். 1845 முதல் சென்னையிலிருந்தும் ஆள் போனது. 1917இல் நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 2,39,000 பேர், அதில் நம்மவர் சுமார் 15,000. 'மதராசி குடிக்கிறான், ஓடிப்போகிறான்' என்று துரைமார் அலுத்துக்கொண்டார்கள். விடிந்தால் கரும்பு, அடைந்தால் லயம். ஓடாமல் என்ன செய்வான்?

கிளாட்ஸ்டன் வம்சத்தார் 2023இல் கயானா போய் மன்னிப்புக் கேட்டார்கள். நாம் ஏன் கேட்க வேண்டும்? நாம் என்ன செய்தோம்? வட்டிக்கு ஆளையே எழுதி வாங்கிய மிராசுதார், சேரியை ஊருக்கு வெளியே தள்ளிய ஊர், தலைக்கு இவ்வளவு என்று ஆள் பிடித்த தரகன், இவர்கள் யாரும் நம் தாத்தாக்கள் அல்லவே! நம் தாத்தா ராஜேந்திர சோழன் ஒருவன்தான். கப்பலில் போய்க் கடாரம் கொண்டான். மீசை வரைந்து பேனர் வைக்க வசதியான தாத்தா.

ஜனவரி 12 வந்தால் அயலகத் தமிழர் தினம். நமக்கு அயலகத் தமிழர் என்றால் டாலர் மச்சான், சிங்கப்பூர் சித்தப்பா. மோசஸ் வீராசாமி நாகமுத்து 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமர், தமிழ் வம்சாவளி. நம் தெருவில் அவருக்கு எத்தனை பேனர் பார்த்தீர்கள்? அங்கே முனுசாமி 'மூன்சாமி', பெருமாள் 'பெர்மால்', சின்னப்பன் 'சினாப்பென்'. குமாஸ்தா கடித்துத் துப்பிய பெயரை விடாமல் வைத்திருக்கிறார்கள். நாம் நம் பிள்ளைக்கு வைத்த பெயரை நம் பாட்டியால் உச்சரிக்க முடியாது. போகட்டும், 2019 கடைசியில் கயானாவில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இனி நமக்குத் தொப்புள்கொடி ஞாபகம் வரும்.

கடலூரிலிருந்து திரும்பிய சாயங்காலம், தெருமுனையில் பறைச் சத்தம். மனுஷர் சட்டென்று நின்றுவிட்டார். "தப்பு!" அவர் சொன்ன முதல் தமிழ்ச் சொல். அவர்கள் ஊரில் மாரியம்மன் கோயிலில் அதை அடித்துத்தான் ஆத்தாளை அழைப்பார்களாம். கண்ணை மூடிக்கொண்டு, டீக்கடை பெஞ்சில் இரண்டு விரலால் அடி பிசகாமல் தட்டினார்.

கடைக்காரர் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். "அது சாவு மேளம்ணே. பெரிய மனுஷன் தட்டலாமா? உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க."