நூற்றிருபது டிகிரிக் குடும்பம்

சாதாரண கேமராவுக்குத் தாட்சண்யம் உண்டு. முன்வாசலைக் காட்டினால் முன்வாசலோடு நின்றுகொள்ளும். கொடியில் தொங்கும் கிழிந்த பனியனையும், கல்யாணத்துக்கு முன்பே பூசிவிடுவதாக நான் வாக்குக் கொடுத்த தெற்குச் சுவரையும் கண்டுகொள்ளாது. நான் வாங்கியதோ ஹொரைசன் 202. மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் பிறந்தது. அதன் லென்ஸ் ஒரு உருளைக்குள் உட்கார்ந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை 120 டிகிரிக்குத் திரும்பிப் பார்க்கும். பெருங்கடவிளையில் எங்கள் வீட்டைப் பற்றி ஊரார் அறியாத ரகசியம் இனி ஒன்றுமில்லை.

கேமராவின் பழைய சொந்தக்காரர் கை சும்மா இருக்காத மனிதர். உள்ளே வெளிச்சம் பட்டுத் தெறிக்காதிருக்கக் கறுப்பு வெல்வெட் ஒட்டியிருந்தார். விரல் படத்தில் விழாமல் பிடிக்கக் கம்பெனிக்காரன் தந்த கைப்பிடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அயினி மரத்தில் ஒன்றைக் கடைந்து மாட்டியிருந்தார். வ்யூபைண்டரிலேயே குமிழி மட்டம் இருக்கிறது; அதை நம்பாமல் தலையில் ஒரு குட்டி ரசமட்டத்தையும் ஒட்டியிருந்தார். குடியிருந்தவர் கண்ட இடத்தில் ஆணி அடித்துவிட்டுப் போன வாடகை வீட்டுக்குக் குடிபோனது மாதிரிதான். ஒவ்வொரு ஆணிக்கும் ஏதோ காரணம் இருந்திருக்கும், கேட்கத்தான் ஆளில்லை.

"எவ்வளவு குடுத்திய?" என்றாள் மனைவி. குடும்ப மரபுப்படி பாதியைச் சொன்னேன். அந்தப் பாதிக்கே அவள் உட்கார்ந்துவிட்டாள். 36 படம் எடுக்கும் ரோலில் இது 22தான் எடுக்கும், ஒவ்வொன்றும் 58 மில்லிமீட்டர் அகலம் என்று பெருமையாகச் சொன்னேன். "அப்போ பாக்கி பதினாலு?" என்றாள். எங்கள் வீட்டுக் கணக்கு அவள் கையில் இருப்பது ஏன் என்று அப்போது எனக்கே விளங்கியது.

ஹாலிவுட் நடிகர் ஜெப் பிரிட்ஜஸ் படப்பிடிப்புகளில் எடுப்பது இதே இனத்து ஜப்பான் கேமராவான வைடுலக்ஸில். அதை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே அவர் மனைவிதான் என்று எடுத்துச் சொன்னேன். "அவரு வீட்டுச் சுவரு பூசியிருக்கும்" என்று பதில் வந்தது. விடவில்லை நான். 1858இல் தஞ்சைப் பெரிய கோவில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 21 படங்களாக எடுத்து, ஒட்டி, பத்தொன்பது அடிக்கு மேல் நீட்டிய கதையை ஆரம்பித்தேன். சோறு ஆறுகிறது என்றாள்.

சுழலும் லென்ஸுக்கென்று ஒரு நியாயம் உண்டு. நேர்க்கோட்டில் நிற்பவர்களில் நடுவிலிருப்பவர் பெருப்பார், ஓரத்திலிருப்பவர் சிறுப்பார். எல்லோரும் ஒரே அளவில் விழ வேண்டுமென்றால் கேமராவைச் சுற்றி வில்லாக நிறுத்த வேண்டும். மைத்துனி கல்யாணத்தில் அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? மச்சான் நடுவில் நின்று மலையானான். ஓரத்தில் மரியாதையாக ஒதுங்கி நின்ற மாமனார் கட்டைவிரல் அளவுக்கு வந்தார். அந்தப் பிரதி இன்னும் அவருக்குப் போகவில்லை. மெதுவான வேகத்தில் எடுக்கும்போது லென்ஸ் போகும் திசையிலேயே நடப்பவர் நீள்வார், எதிரே வருபவர் ஒடுங்குவார். எங்கள் ஆடு லென்ஸோடு நடந்து, ஒரு ஆட்டு விலைக்கு ஒன்றரை ஆடாக விழுந்தது. இந்தக் கேமராவில் எனக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

கேமரா கொஞ்சம் சாய்ந்தாலும் தொடுவானம் வில்லாகிவிடும். அருவிப்புறத்தில், 1888இல் ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய இடத்தருகே, நெய்யாற்றை எடுத்தேன். ஆறு அங்கே ஏற்கெனவே வளைகிறது. எது ஆற்றின் வளைவு, எது என் கையின் வளைவு என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவே இதுவரை வந்ததில் நல்ல படம்.

ரசமட்டம் மட்டும் வீண் போகவில்லை. ஒருவழியாகத் தெற்குச் சுவருக்கு வந்த கொத்தனார், தன்னுடையதை மறந்துவிட்டு, கேமராவோடு சேர்த்து அதைச் சுவரில் வைத்துப் பார்த்தார். "சாரே, இது சரியான சாதனம்" என்றார். கேமராவை வாங்கிய நாளிலிருந்து அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்.

யாராவது இப்படி மாற்றியமைத்த கேமரா வாங்கப் போனால், மாற்றிய பிறகு எடுத்த நெகடிவைக் கேளுங்கள். உருளை சீராகச் சுழலாவிட்டால் வெறும் வானத்தில் செங்குத்தாகப் பட்டை பட்டையாகத் தெரியும். எல்லா வேகத்திலும் எடுத்ததா என்றும் பாருங்கள். மலிவான பிலிம் கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் எனக்குக் கடிதம் போடலாம். விலை எழுதுவதாக இருந்தால் அஞ்சலட்டை வேண்டாம், உறையில் போட்டு ஒட்டி அனுப்புங்கள்.