வலம் வர மறுத்த குதிரைகள்

எங்கள் வீட்டில் பீங்கான் என்றால் ஊறுகாய் ஜாடி. மேலே காப்பி நிறம், கீழே சந்தன நிறம், வாயில் வெள்ளைத்துணி வேடு. அமெரிக்காவிலிருந்து வந்த தங்கச்சி மகன் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸுக்கு, காகிதச் சுருளைப் பிரித்துக் கட்டைவிரல் உயரத்தில் ஒரு வெள்ளைக் குதிரையை எடுத்து, "மாமா, பீங்கான்" என்று நீட்டினான். என் மனைவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல என்னத்தப் போடுறது?"

நியாயமான கேள்வி. ஒன்றும் போட முடியாது. முதுகைத் துளைத்துக்கொண்டு ஒரு பொன்னிறக் கம்பி போகும். கம்பியின் உச்சியில் ஒரு நூல் வளையம். கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டவேண்டியது. ராட்டினக் குதிரை. அங்கே பழைய ராட்டினங்களைப் பிரித்து மரக்குதிரைகளைத் தனித்தனியாக வாங்கி வரவேற்பறையில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்களாம். அவ்வளவு பெரிய குதிரையை வாங்க வழியில்லாதவர்களுக்கு இந்தக் குட்டி.

எனக்கு அதைப் பார்த்ததும் வீரபாண்டி ஞாபகம் வந்துவிட்டது. அங்கே கௌமாரியம்மன் திருவிழாவுக்கு எங்கள் ஊர் போடியிலிருந்து எங்களைக் கூட்டிப்போவார்கள். குடை ராட்டினத்தில் ஏறுவதற்குக் காசு கேட்டு அழுது, ஏறிய பிறகு இறங்குவதற்கு அழுவது என் வழக்கம். நான் உட்கார்ந்த குதிரைக்கு ஒரு காது இல்லை. அந்த மொட்டைக் காதைப் பிடித்துக்கொண்டு சுற்றியது ஐம்பது வயதிலும் உள்ளங்கையில் இருக்கிறது. அதனால்தான் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "அப்ப ஒண்ணு போதும்ல?" என்றாள்.

ஒன்று போதவில்லை. இப்போது 23 இருக்கின்றன.

தொழிலில்தான் கோளாறு. ஏலக்காய்க் கடையில் தரம் பார்க்கிறவன் நான். காலையில் எங்கள் ஊர் ஆட்கள் ஜீப்பில் நெருக்கியடித்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டைத் தாண்டித் தோட்டத்துக்குப் போகிறார்கள். அவர்கள் பறித்து, ஸ்டோரில் காய்ந்து இறங்குகிற காயைச் சலித்து, எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று பிரித்து, ஒரு லிட்டர் டப்பாவில் கொட்டி எடை பார்ப்பது என் சோறு. நிறம் பச்சையா, வெளுப்பா, வாய் பிளந்ததா, சொத்தையா. பருங்காய் 'போல்ட்', பிளந்தது 'ஸ்பிளிட்'. முப்பது வருஷம் இதைச் செய்தவன் கண்ணில் இரண்டு குதிரை பட்டால் எது உசத்தி என்று பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தால் மூன்றாவது வேண்டும், ஒப்பிட. கடைத் தராசில் மத்தியான நேரத்தில் குதிரைகளை நிறுத்தேன். வால் ஒடிந்தவை, வர்ணம் இடம் மாறி வழிந்தவை எல்லாம் 'ஸ்பிளிட்' டப்பாவுக்குப் போயின. கூட வேலை பார்க்கிற தம்பி எட்டிப் பார்த்து, "அண்ணே, இது போல்டா?" என்றான். கம்பியோடு சேர்த்து அளப்பதா, கம்பியை விட்டு அளப்பதா என்று எங்களுக்குள் அரை மணி நேரம் தகராறு.

2019 ஆகஸ்டில் ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாய் தொட்ட நாள் ஊரே சிரித்தது. முந்தின வருஷ வெள்ளத்திலும் அடுத்து வந்த வறட்சியிலும் செடியைப் பறிகொடுத்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கும் கையில் கொஞ்சம் சேர்ந்தது. மனைவி மனதில் ஒரு ஜோடி வளையல் இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது என்பதே இன்றுவரை என் வாக்குமூலம். தங்கச்சி மகன் யாரோ ஒரு பாட்டியின் சேகரிப்பை மொத்தமாக விலைபேசி 9 குதிரை வாங்கி அனுப்பினான். கூரியரில் வந்தது. 9 குதிரை, 31 துண்டு.

அதற்குப் பிறகுதான் இலவம்பஞ்சுக்கு மாறினோம். ஊரில் இதை வைத்துக்கொண்டு நான் காகிதத்தை நம்பியது மடத்தனம். இலவம்பஞ்சு வழுக்கும், நனையாது. அந்தக் காலத்தில் கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். தலையணை உறைக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் குதிரை. 2010-ல் நின்றுபோன போடி ரயில் 2023 ஜூனில் அகலப்பாதையில் திரும்ப வந்தபோது, சென்னையிலிருந்து தங்கச்சி அந்தத் தலையணையை மடியில் வைத்தே கொண்டுவந்தாள். ஒரு குளம்புகூட ஒடியவில்லை. பிரிக்கும்போது மட்டும் யாரோ ஃபேனைப் போட்டுவிட்டார்கள். வெயில் கொளுத்துகிற ஜூன் மாதத்தில் எங்கள் வீட்டுக்குள் பனி பெய்தது. மாமியார் மூன்று நாள் இருமினார்.

கிறிஸ்துமஸ் மரத்தில் குதிரை தொங்குவது எங்கள் கோயில் உபதேசியாருக்குப் பிடிக்கவில்லை. பொம்மை செய்கிற ஊரான விளாச்சேரியில் வாங்கிய குடில் பொம்மைகளைக் காட்டி, "ஆடு சரி, மாடு சரி, கழுதை சரி. பெத்லகேம்ல குதிரை ஏது?" என்றார். நான் விட்டிருக்கலாம். விடவில்லை. லூக்காவில் முன்னணைதான் இருக்கிறது, மாடும் கழுதையும் எந்த வசனத்தில் வருகின்றன என்று கேட்டேன். மத்தேயு சொல்கிற ஞானிகள் கதையில் ஒட்டகமும் இல்லை. 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்கிற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து குடில் வைத்தார். ஊரில் கிடைத்ததை அவர் வைத்தார், வீட்டில் கிடைத்ததை நான் வைக்கிறேன் என்றேன். வாதத்தில் ஜெயித்தேன். அவர் காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார். மனைவி ஆறிய டம்ளரை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

இதைவிடப் பெரிய சிக்கல் நவராத்திரியில் வந்தது. மூன்று வீடு தள்ளி ஒரு அக்கா ஏழு படி கொலு வைக்கிறவர். விளாச்சேரியில் ஐப்பசிக்கு முன்னால் கொலு பொம்மை, பிறகு குடில் பொம்மை என்று ஒரே கைகள் இரண்டையும் செய்வதால், எங்கள் வீட்டுச் சூசையப்பருக்கும் அவர் வீட்டுச் செட்டியாருக்கும் முகஜாடை ஒன்றுபோலவே இருக்கும். அந்த உரிமையில், "தம்பி, கீழ பார்க் வைக்கிறேன். குதிரைய ஒம்போது நாளைக்குக் குடுங்க" என்றார். எட்டு கொடுத்தேன். கேக் அட்டையில் வட்டமாகக் குத்தி, நடுவில் சின்ன அம்பாளை வைத்து, குதிரைகளை வலம் வருகிற மாதிரி நிறுத்தினார். பார்க்க வந்தவர்களுக்கு எல்லாக் குதிரையும் மொட்டையாகத் தெரிந்தது. பூ இல்லை, மணி இல்லை, சேணத்தில் பட்டையில்லை.

விஷயம் இதுதான். ராட்டினக் குதிரையில் வெளியே தெரிகிற பக்கத்தில்தான் வேலைப்பாடு எல்லாம். உள்பக்கம் கடனே என்று விட்டுவிடுவார்கள். இங்கிலாந்து ராட்டினம் கடிகார முள் மாதிரி சுற்றும், நம்முடைய பிரதட்சிணம் போல. அமெரிக்க ராட்டினம் நேர் எதிர். என் குதிரைகள் அத்தனையும் அமெரிக்கா. அலங்காரம் வலது விலாவில். அழகு தெரியவேண்டுமென்றால் அவை அம்பாளை இடமாகச் சுற்றவேண்டும்.

"திருப்பி வச்சிரவா?" என்றார் அக்கா. அவருடைய மாமியார் உள்ளேயிருந்து, "ஆத்தாளுக்கு இடஞ்சுத்து சுத்துவியாடி?" என்று அதட்டினார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தம்மாளே வெளியே வந்து, குனிந்து, குதிரைகளை நன்றாகப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "சரியாத்தான் இருக்கு. அலங்காரம் ஆத்தா பாக்குறதுக்கா, சுண்டல் வாங்க வர்றவளுக பாக்குறதுக்கா?"

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் போனால், அம்பாளுக்குப் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி மூன்றை முக்கோணமாகக் கட்டி நடுவில் நிறுத்தியிருந்தார். குதிரைகள் வலமாகவே போயின. பூவும் மணியும் கண்ணாடிக்குள் தெரிந்தன. அசந்துவிட்டேன். நிஜ ராட்டினங்களின் நடுத்தூணிலும் கண்ணாடி பதிப்பார்கள். அதைச் சொன்னேன். "அவுகளும் யாராச்சும் மாமியாகிட்ட மாட்டிருப்பாக" என்றார் அக்கா. குதிரைகள் திரும்பி வந்தபோது ஒன்றுக்கு ஒரு காது இல்லை. நான் கேட்கவில்லை. அதை 'ஸ்பிளிட்' டப்பாவிலும் போடவில்லை.

போன டிசம்பரில் மரத்தை விட்டுவிட்டேன். மேலேயிருந்து ஜீப்காரத் தம்பி கொண்டுவருகிற சில்வர் ஓக் கிளை நாலு நாளில் இலையைக் கொட்டும், சவுக்குக் கிளை குதிரை கனம் தாங்காமல் தலையைத் தொங்கப்போடும். தோட்டத்துக்குக் கொண்டுபோகிற பழைய கறுப்புக் குடை ஒன்று பரணில் கிடந்தது. எண்ணிப் பார்த்தால் 8 கம்பி. விரித்து, கம்பிக்கு ஒரு குதிரை கட்டி, எங்கள் பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டிய கொக்கியில் மாட்டினேன். கீழே குடில்: கேழ்வரகு முளை, விளாச்சேரி பொம்மைகள், பனிக்கு இலவம்பஞ்சு. மெட்டிலிருந்து காற்று இறங்கும்போது குடை கொஞ்சம் வலமாகப் போகும், யோசிக்கும், இடமாகத் திரும்பும். அக்கா வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தானாச் சுத்துறதுக்குத் தோஷம் கெடையாது" என்றார்.

24-ம் தேதி ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் வந்த நேரத்தில் கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பையன்கள் எல்லாரும் குடைக்குக் கீழே நின்று வாயைப் பிளந்தார்கள். உபதேசியாரும் வந்திருந்தார், குடையைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது கரண்ட் வந்தது. ஃபேன் சுவிட்ச் போட்டபடியே இருந்திருக்கிறது, ஐந்தில். குடை எடுத்த வேகத்துக்கு வீரபாண்டி ராட்டினக்காரர் கும்பிடு போட்டிருப்பார். குடிலிலிருந்து பஞ்சு கிளம்பியது. மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். மனைவி பாய்ந்து சுவிட்சை அமுக்குவதற்குள் ஒரு நூல் அறுந்தது.

சத்தமே வரவில்லை. குடிலில் கழுதைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவே, மிச்சமிருந்த பஞ்சில், ஒற்றைக்காதுக் குதிரை மல்லாந்து கிடந்தது. நான் கையை நீட்டினேன்.

"எடுக்காதீங்க" என்றாள் மனைவி. "ஒரு ராத்திரி அங்கன கெடக்கட்டும்."

எல்லாரும் உபதேசியாரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி, பஞ்சைத் துடைத்து, மாட்டிக்கொண்டு குடிலை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு பையன்கள் பக்கம் திரும்பி, "ம், பாட்ட ஆரம்பிங்கடா" என்றார்.