மண்வெட்டி பதில்கள்

● குடை மறந்தவர், ஹாரோ
காலையில் வெயில், பதினொரு மணிக்கு மழை, மதியம் ஆலங்கட்டி, மாலையில் மறுபடி வெயில். ஏப்ரல் வந்தால் இங்கிலாந்துக்கு என்னதான் ஆகிறது?

வெயிலும் காற்றும் பேசி வைத்துக்கொள்வதில்லை, அதுதான் ஆகிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்துச் சூரியனுக்கும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துச் சூரியனுக்கும் பலத்தில் அதிக வித்தியாசம் கிடையாது. தரை சீக்கிரமே சூடாகிவிடும். ஆனால் மேலே ஓடுகிற காற்று வடக்கிலிருந்து வந்தால் அதற்கு இன்னும் ஜனவரி முடியவில்லை. கீழே சூடு, மேலே குளிர். விறுவிறுவென்று மேகம் எழும்பும், ஆலங்கட்டி விழும், தரை குளிரும், மேகம் கலையும், வெயில் அடிக்கும். நீங்கள் துணியைத் திரும்பக் கொடியில் போட்டதும் அடுத்த சுற்று ஆரம்பம்.

இந்த நாட்டில் பொதுமக்களுக்கான வானிலைக் கணிப்பை 1861இல் தொடங்கிவைத்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை பீகிள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போன அதே கேப்டன். அவர் காலத்திலேயே பத்திரிகைகள் அவரைக் கிண்டலடித்தன. இன்றைக்கு உங்கள் கைபேசி ‘மழைக்கு 40 சதவீத வாய்ப்பு’ என்கிறதே, அது குடையை எடு என்றும் சொல்லாமல், எடுக்காதே என்றும் சொல்லாமல் கைகழுவிக்கொள்கிற சாமர்த்தியம். ஜூன் பிறந்துவிட்டால் தப்பித்தோம் என்றும் நினைக்காதீர்கள். 1975 ஜூன் 2ஆம் தேதி, டெர்பிஷயர் மாவட்டத்து பக்ஸ்டனில் டெர்பிஷயருக்கும் லங்காஷயருக்கும் நடந்த கிரிக்கெட் ஆட்டம் பனி கொட்டியதால் நின்றது. மழை இல்லை ஐயா, பனி! இரண்டு நாள் முன்னால் அதே மைதானத்தில் கிளைவ் லாய்ட் 167 ரன் விளாசியிருந்தார்.

● மலர் நேயர், குரோய்டன்
டியூலிப் பூ உங்களுக்குப் பிடிக்குமா?

அணிலுக்குப் பிடிக்கும். கிழங்காக இருக்கும்போதே.

● கத்தரிக்காய்ப் பிரியை, ஈஸ்ட் ஹாம்
ஜன்னல் திண்டு முழுக்கக் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று. நல்ல வெயிலாக இருக்கிறதே என்று வெளியே நடச் சொல்லி வீட்டுக்காரர் நச்சரிக்கிறார். நடலாமா?

நச்சரிப்பவர் முதலில் ஓர் இரவு பனியனோடு தோட்டத்தில் படுத்துக் காட்டட்டும். அதற்குச் சம்மதித்தால் நடுங்கள்.

ஏப்ரல் வெயில் பகலைத்தான் பார்த்துக்கொள்ளும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும், விடியும்போது உறைபனி. தென் இங்கிலாந்தில் மே நடுவு தாண்டும்வரை பொறுங்கள். ஸ்காட்லாந்து வாசகர்கள் மே கடைசி, ஜூன் முதல் வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் பத்து நாளாவது பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று தொட்டிகளைத் தூக்கித் தூக்கி வைத்துச் செடியைப் பழக்க வேண்டும். (இடுப்புவலிக்கு நான் பொறுப்பில்லை, தூக்குவது நச்சரித்தவர் வேலை.) கறிவேப்பிலைத் தொட்டியா? இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்காது என்று உறுதியாகும்வரை கதவைத் திறந்துகூடக் காட்டாதீர்கள்.

மே மாதத்தையும் முழுதாக நம்ப முடியாது. டெவன் பக்கத்தில் பழைய கதை ஒன்று உண்டு. பீர் காய்ச்சுகிறவன் ஒருவன். ஊரெல்லாம் ஆப்பிள் சாறைப் புளிக்கவைத்து சைடர் குடித்ததால் அவன் வியாபாரம் படுத்துவிட்டது. நேரே சைத்தானிடம் போனான். “ஆப்பிள் பூக்கிற சமயம் பார்த்து மூன்று ராத்திரி உறைபனி அனுப்பு, என் ஆன்மாவை எடுத்துக்கொள்” என்றான். வியாபாரம் படிந்தது. அதனால்தான் மே 19 முதல் 21 வரை அங்கே குளிர் அடிக்கிறதாம். இதில் எனக்குப் பிடித்தது, போட்டிக் கடைக்காரனைக் கவிழ்க்க ஆன்மாவையே எழுதிக்கொடுக்கிற அந்த மும்முரம். நம்மவர்கள் அதே வேலையை இரண்டு மொட்டைக் கடிதத்தில் முடித்துவிடுவார்கள்.

● பொறுமை இழந்தவர், இல்ஃபோர்ட்
பறவைகளுக்குத் தொங்கவிட்ட தீனியை அணில் தின்று தீர்க்கிறது. ராமருக்கு உதவிய ஜீவன் என்று விரட்டவும் மனம் வரவில்லை.

அதன் முதுகைப் பாருங்கள் ஐயா! கோடு இருக்கிறதா? இல்லை. அணை கட்டப் போன அணில் வேறு, இது வேறு. இது வட அமெரிக்கச் சாம்பல் அணில். தோட்டத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று 1876இல் செஷயரில் ஹென்பரி பார்க் என்ற மாளிகைத் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அழகுக்கு வந்தது, ஆட்சியைப் பிடித்தது. இந்த மண்ணுக்கே உரிய சிவப்பு அணிலைத் தீனியில் முந்தியது. போதாக்குறைக்கு ஓர் அம்மை நோயையும் சுமந்து வந்தது. அந்தக் கிருமி இதை ஒன்றும் செய்யாது, சிவப்பு அணிலைக் கொன்றுவிடும். இன்று சிவப்பு அணிலைப் பார்க்க ஸ்காட்லாந்துக்கோ வைட் தீவுக்கோ டிக்கெட் எடுக்க வேண்டும்.

வசந்தத்தில் இதன் அட்டகாசம் தனி. குரோக்கஸ் கிழங்கைத் தோண்டும், மொட்டைக் கடித்துத் துப்பும், வாய்ப்புக் கிடைத்தால் குருவிக் கூட்டில் முட்டையையும் எடுக்கும். பிறகு வேலிமேல் உட்கார்ந்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு உங்களையே பார்க்கும். அந்தக் கும்பிடில் மயங்கியவர்தான் ‘மனம் வரவில்லை’ என்று கடிதம் எழுதுகிறார்.

வழி இருக்கிறது. பறவைத் தீனியில் மிளகாய்த்தூளைக் கலந்து வையுங்கள். மிளகாயின் காரம் பறவை நாக்குக்குத் தெரியாது, அணிலுக்குத் தெரியும். கையுறை போட்டுக் கலக்குங்கள், கண்ணைக் கசக்காதீர்கள். ஆனால் உங்கள் முகவரி இல்ஃபோர்ட் என்பதுதான் கவலை. நம்மவர் குப்பைத்தொட்டியில் வளர்ந்த அணிலுக்கு யாழ்ப்பாணத் தூள் தொட்டுக்கொள்ளத்தான் ஆகுமோ என்னவோ.

● சுத்த பத்தமானவர், வெம்ப்ளி
புல்தரையை எத்தனை நாளைக்கு ஒருமுறை வெட்ட வேண்டும்?

மே மாதம் முழுக்க வெட்டவே வேண்டாம் என்று ‘பிளான்ட்லைஃப்’ அமைப்பு 2019 முதல் பிரசாரம் செய்கிறது. பூ பூக்கும், தேனீ வரும். சோம்பேறித்தனத்துக்குச் சமூக சேவை அந்தஸ்து வாங்கித் தந்தவர்களை வாழ்த்துவோம்.

● தர்மவான், லெஸ்டர்
ராத்திரி தோட்டத்துக்கு முள்ளெலி வருகிறது. கிண்ணத்தில் பால் வைக்கிறேன். புண்ணியம்தானே?

வயிற்றுப்போக்கு. முள்ளெலிக்குப் பால் செரிக்காது. தண்ணீரும், இறைச்சி சேர்ந்த பூனைத் தீனியும் வையுங்கள். புண்ணியம் கூடுதலாக வேண்டுமென்றால் வேலியின் அடியில் 13 சென்டிமீட்டர் சதுரத்தில் ஓர் ஓட்டை போடுங்கள். ஒரே இரவில் பல தோட்டம் சுற்றுகிற பிராணி அது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

● நத்தையால் நொந்தவர், லூட்டன்
மழை பெய்த மறுநாள் கொத்தமல்லி மொத்தமும் காலி. முட்டை ஓடு தூவினேன், செப்புப் பட்டை ஒட்டினேன். பயனில்லை.

பயனிருக்காது. அரச தோட்டக்கலைக் கழகம் 2018இல் முட்டை ஓடு, செப்புப் பட்டை, சரளை, கம்பளி உருண்டை எல்லாவற்றையும் கீரைக்குச் சுற்றிலும் போட்டுப் பார்த்தது. போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசமே இல்லை. நீல மாத்திரை மெட்டால்டிஹைடுக்கும் 2022 வசந்தத்திலிருந்து தடை. அதே கழகம் அதே ஆண்டில், நத்தையை இனிமேல் ‘பூச்சி எதிரி’ப் பட்டியலில் சேர்க்க மாட்டோம் என்றும் அறிவித்துவிட்டது. ஓடில்லா நத்தைகளில் பல வகை அழுகலைத் தின்று மண்ணுக்கு நல்லதுதான் செய்கின்றன. உங்கள் கொத்தமல்லியைத் தின்றது அந்த நல்ல வகை அல்ல, அவ்வளவே. மழை விட்ட இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குங்கள். அல்லது கொத்தமல்லியைக் கடையில் வாங்குங்கள்.

● பெயர் வேண்டாம், கென்ட்
அப்பா வைத்த ஆப்பிள் மரம். அவர் போனபின் முதல் தடவையாகப் பூத்திருக்கிறது. இந்த வாரம் உறைபனி வரும் என்கிறார்கள். ஏதாவது செய்ய முடியுமா?

முடியும் அம்மா. மரம் கைக்கெட்டும் உயரமென்றால், மாலையிலேயே தோட்டக்கடையில் விற்கும் மெல்லிய ஃப்ளீஸ் துணியை இரண்டு மடிப்பாகப் போர்த்துங்கள். துணி பூவில் படாதபடி நாலு கழி நட்டு அதன்மேல் போடுங்கள். காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள். தேனீ உள்ளே வர வேண்டும். விரிந்த பூ ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரி வரை தாங்கும்.

மரம் உயரமாக வளர்ந்துவிட்டதென்றால் போர்த்த முடியாது. அதற்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். பனி அடித்த மறுநாள் மதியம் ஒரு பூவைப் பறித்து நகத்தால் நடுவே பிளந்து பாருங்கள். நடுவில் கறுத்திருந்தால் அது போயிற்று. பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. கறுத்த பூக்களை எண்ணிக் கலங்க வேண்டாம். ஆப்பிள் மரம் தேவைக்கு மேலே பல மடங்கு பூக்கும். நூற்றுக்குப் பத்துப் பூ காயானாலே மரம் நிறைந்துவிடும். எல்லாப் பூவும் ஒரே நாளில் விரிவதுமில்லை. இன்று மொட்டாக இருப்பது அடுத்த வாரம் திறக்கும். இந்த வருஷம் காயே இல்லாமல் போனாலும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் அப்பா வைத்தது பல பத்தாண்டு நிற்கும் மரம்.

● பூச்சி பிரியன், மில்டன் கீன்ஸ்
வாசல்படியில் பெரிய பம்பிள் தேனீ ஒன்று அசையாமல் கிடக்கிறது. செத்துவிட்டதா?

ராணியாக இருக்கும். குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தனியாக உறங்கி எழுந்துவந்தது. மார்பு ஏறக்குறைய 30 டிகிரிக்குச் சூடாகாமல் பறக்க முடியாது. அதற்காகச் சிறகுத் தசையை நடுங்க வைத்துக்கொண்டிருக்கும். மெதுவாக எடுத்துப் பூவில் வையுங்கள். பூ இல்லையென்றால் வெள்ளைச் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு சொட்டு, தலைக்கு முன்னால். தேன் வேண்டாம், நோய் ஒட்டும். அவளுக்கு ஏதாவது ஆனால் இந்தக் கோடைக்கான கூடே இல்லை.

● இசை ரசிகர், நார்விச்
இங்கேயும் குயில் கூவுகிறதே, நம் ஊர்க் குயில்தானா?

சொந்தம்தான், ஆனால் ஒன்றுவிட்ட சொந்தம். நம் ஊர்க் குயிலாவது முட்டையைக் காகத்திடம் தள்ளும், அதில் ஒரு நெஞ்சுரம் தெரிகிறது. இது தன்னில் பாதிகூட இல்லாத நாணல் குருவியின் கூட்டில் இட்டுவிட்டுப் போகும். ஏப்ரல் நடுவில் வரும், கூவும், பிள்ளையை ஒப்படைக்கும், ஜூனிலேயே பெற்றோர் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடுவார்கள். குழந்தைக் காப்பகக் கட்டணத்தைப் பார்த்த எந்தப் பெற்றோரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள்.

● கவலையுள்ள மனைவி, ரெடிங்
வேலிச் செடியில் குருவி கூடு கட்டியிருக்கிறது. இவரோ இந்த வாரமே வெட்டியாக வேண்டும் என்று கத்தரியைத் தீட்டுகிறார்.

குருவி குடியிருக்கும் கூட்டைத் தெரிந்தே கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்று சொல்லுங்கள். ஆகஸ்ட் முடியும்வரை கத்தரி உள்ளே இருக்கட்டும். வேலை செய்யாமலிருக்கச் சட்டமே கட்டளையிட்டும் வருத்தப்படுகிற கணவரைப் பற்றி இப்போதுதான் முதல்முறை கேள்விப்படுகிறேன்.