பானைக்குள் ஒரு பண்ணை

ஜவ்வாது மலைப் புதூர்நாட்டில் சாமைச் சோறும் கூழும் சாப்பிடுகிறவர்களுக்கு, டவுனில் புட்டியில் விற்கும் ‘நல்ல பாக்டீரியா’ தேவையா? (வாசகி, திருப்பத்தூர்)

பானையிலேயே குடியிருப்பதைப் புட்டியில் ஏன் தேட வேண்டும்? ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். லாக்டிக் அமில பாக்டீரியா தானே பெருகும். புளித்த மாவைக் கொதிக்கவிட்டுக் காய்ச்சும் கூழில் அவற்றில் பெரும்பாலானவை செத்துவிடும். உயிரோடு வேண்டுமென்றால் நீராகாரமும் மோரும்தான்!

ஆனால், குடலில் குடியிருப்பவற்றுக்கும் பசிக்குமே? அவற்றின் தீனி நார்ச்சத்து. பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி. ஜவ்வாது மலைச் சாமையை வெள்ளையாகத் தீட்டினால் தவிட்டோடு நார்ச்சத்தில் பெரும்பங்கு போய்விடும். நிறம் மங்கிய சாமையையே கேட்டு வாங்குங்கள்.