பொறவு அண்ணாச்சி

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் போய் 'பொறவு அண்ணாச்சி' என்று கூப்பிட்டுப் பாருங்கள், விசைப்படகுக்காரர்களில் நாலைந்து பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். படகில் எந்த வேலை பாக்கி என்று கேட்டாலும், "பொறவு பாத்துக்கிடலாம்லே" என்பதுதான் பதில்.

ஆளைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே விசைப்படகுகள் காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது விதி. மூன்று மணிக்கே எழுந்து டீசல், ஐஸ், குடிதண்ணீர் எல்லாம் சரிபார்த்து, தூங்குகிற ஆட்களைத் திட்டிக் கிளப்புகிறவர் அவர்தான். அடுத்தவன் வைத்த கெடுவுக்கு அவர் பிந்தியதே இல்லை. ஏப்ரல் 15-ல் நேரமெல்லாம் அவர் கைக்கே வந்துவிடும். வினையும் அன்றுதான் ஆரம்பம்.

அன்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்க இதைவிட்டால் நாள் கிடையாது. முதல் வாரம் உடம்பு அலுப்பு. அடுத்த வாரம் மச்சினன் வீட்டு விசேஷம். அதற்கடுத்து, படகு கட்டும் ஓடாவியைத் தேடிப் போய், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, படகைத் தவிர மற்றெல்லாம் பேசிவிட்டு வருவார். மே மாதம் பெயிண்ட் டப்பா வந்து இறங்கும். அடிக்க மாட்டார். "பலகை நல்லா காயட்டும்" என்பார். பலகை காய்ந்து, இடுக்கு விரிந்து, அதில் பல்லி குடித்தனமே வைத்துவிடும்.

2017-க்கு முன் தடைக்காலம் 45 நாள்தான். நாள் பத்தவில்லை என்று புலம்பிக்கொண்டே மே 28 ராத்திரி பெயிண்ட் அடிப்பார். பிறகு 61 நாள் ஆக்கினார்கள். இப்போது ஜூன் 13 ராத்திரி அடிக்கிறார். இருக்கிற நேரத்தை நிரப்பும் அளவுக்கு வேலை ஊதிப் பெருகும் என்று 1955-ல் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் எழுதிப் பேர் வாங்கினார். அண்ணாச்சியிடம் வேலை எங்கே ஊதியது? அது கரையில் பட்டினியல்லவா கிடந்தது!

வீட்டுக்கார அக்கா முணுமுணுத்தால் சரித்திரத்தை எடுத்து விடுவார். "முத்துக்குளிப்பு 1961-ல நடந்தது. பொறவு பாக்கலாம்னு விட்டது, இன்னிக்கு வரைக்கும் விட்டதுதான். சேதுக் கால்வாய்க்கு 1860-ல டெய்லர் துரை யோசனை சொன்னாரு. 2005-லதான் தோண்ட ஆரம்பிச்சாங்க, அதுவும் அரைகுறையா நிக்கி. சர்க்காருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"முத்துப் பார்ல சிப்பி வெளையல, குளிப்பு நின்னுச்சு. உங்க பெயிண்டு என்ன, டப்பாக்குள்ள வெளையணுமா?" என்று அக்கா கேட்பார். அண்ணாச்சிக்கு அப்போதுதான் அவசரமாக ஒரு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஜூன் பிறந்ததும் ஓட்டம் பிடிப்பார். ஊரிலுள்ள அத்தனை பொறவு அண்ணாச்சிகளும் ஒரே ஓடாவி வாசலில் நிற்பார்கள். அந்த மனிதர் உளியைத் துடைத்துக்கொண்டே, ஒரு சிரிப்புச் சிரிக்காமல், "பொறவு பாப்போம் அண்ணாச்சி" என்பார். அந்த வார்த்தையின் கசப்பு அண்ணாச்சிக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் தெரியும். கூலியும் இரட்டிப்பாகும். இடுக்கில் பஞ்சு திணித்து, வலையின் கிழிசலுக்கு ஒப்புக்கு முடிச்சுப் போட்டு, டார்ச் வெளிச்சத்தில் பெயிண்ட் பூசி முடிக்கும்போது கோழி கூவும்.

தடை நீங்கி முதல் நாள் கடலுக்குப் போன படகுகள் ராத்திரி வரிசையாகக் கரை சேரும். ஏலக்காரர் ஆட்களின் முதுகை ஒரு பார்வை பார்ப்பார். சட்டையெல்லாம் நீலப் பெயிண்டாக இருந்தால் யார் படகு என்று கேட்க மாட்டார், விலையைக் கூற ஆரம்பித்துவிடுவார்.