கொட்டாவிக்கும் ஆமெனுக்கும் நடுவே

கேள்வி: குடும்ப ஜெபத்தில் வேதத்தைத் திறந்ததுமே என் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். சத்துருவின் வேலையா? (ஒரு தாயார், சாயர்புரம்)

பதில்: சத்துருவுக்கு அவ்வளவு வேலை கொடுக்காதீர்கள் அம்மா. மணி ஒன்பதரை, வயிற்றில் நாலு தோசை, கையில் லேவியராகமம் 13-ம் அதிகாரம். குஷ்டரோகச் சட்டம் கேட்டுக் கொட்டாவி விடாத பிள்ளை இருந்தால்தான் பயப்பட வேண்டும். ஜெபத்தைச் சாப்பாட்டுக்கு முன் வையுங்கள். பசித்த பிள்ளை தூங்காது. மாற்குவிலிருந்து தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம். ராத்திரிக்கு ஒரு சம்பவம் போதும்.

கேள்வி: எதைக் கேட்டாலும் என் மகன் ‘இயேசு’ என்கிறான். பேழையைக் கட்டியது யார் என்றாலும் அதே பதில். சந்தோஷப்படலாமா? (ஒரு தகப்பன், மார்த்தாண்டம்)

பதில்: மிட்டாய் கிடைக்கிற பதில் எது என்று கண்டுபிடித்துவிட்டான். கெட்டிக்காரன்தான். ஆனால் ‘இயேசுதான் மேசியா’ என்று நாம் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டால் அவன் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? சீஷர்களுக்கே அது மெள்ளத்தான் விளங்கியது.

மாற்கு 4-ஐ வாசியுங்கள். கலிலேயாக் கடலில் புயல். படகுக்குள் தண்ணீர் நிரம்புகிறது. அவரோ பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். (அந்தத் தலையணையை மாற்கு மட்டும்தான் சொல்கிறார்; பிள்ளைகளுக்கு அதுதான் மனசில் நிற்கும்.) எழுந்து அதட்டுகிறார், காற்று அடங்குகிறது. காற்றும் கடலும் கீழ்ப்படிகிற இவர் யாரோ என்று சீஷர்கள் நடுங்குகிறார்கள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, ‘நீ சொல்லுடா, யாரு?’ என்று கேளுங்கள். அவன் என்ன சொன்னாலும் திருத்தாதீர்கள்.

8-ம் அதிகாரம் வரும்போது, பிலிப்புச் செசரியாப் பக்கம் பேதுரு சரியான பதிலைச் சொல்லிவிடுகிறார்: நீர் கிறிஸ்து. ஆனால் பாடுபட்டுச் சாகப்போகிறேன் என்று ஆண்டவர் சொன்னதும், அதே பேதுரு அவரைத் தனியே இழுத்துக் கடிந்துகொண்டு, பதிலுக்குச் சாத்தான் என்று பெயர் வாங்குகிறார். ரோமன் ஆட்சியில் தாவீதைப் போல ஒரு ராஜா வருவார் என்று காத்திருந்த ஜனத்துக்குச் சிலுவை எப்படி ஒத்துப்போகும்? பட்டம் சரி, அந்தப் பட்டத்துக்குப் பேதுரு நினைத்த அர்த்தம்தான் தப்பு. உங்கள் மகனும் மிட்டாய்ப் பதிலைத் தாண்டிப் போவது இந்த இடத்தில்தான். இங்கே ஒரு வாரம் நின்றாலும் தப்பில்லை.

கேள்வி: மத்தேயு முதல் அதிகாரத்தின் பெயர்ப்பட்டியலைத் தாண்டிப் போகலாமா? (நாசரேத் வாசகர்)

பதில்: நாசரேத்திலிருந்தா இந்தக் கேள்வி? அண்ணாச்சி, பெண் பார்க்கப் போனால் ‘எந்தக் குடும்பம், தாத்தா யார்’ என்று மூன்று தலைமுறை விசாரிக்கிற ஊர்க்காரர் நாம். மத்தேயுவும் அதைத்தான் செய்கிறார்: மேசியா என்றால் ஆபிரகாம் வம்சமா, தாவீது வீடா? ஆனால் நாம் மறைக்கிற பெயர்களை அவர் மறைக்கவில்லை. தாமார், ராகாப், மோவாபியப் பெண் ரூத், உரியாவின் மனைவி, கடைசியில் மரியாள். பட்டியலில் பெண்கள் எத்தனை பேர் என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். அப்புறம் நாலே அதிகாரமுள்ள ரூத்தை வாசியுங்கள். தாமார் கதைக்கு அவர்கள் வளரட்டும்.

கேள்வி: நிறைவேறிய தீர்க்கதரிசனங்களை எழுதி மனப்பாடம் செய்ய வைக்கலாமா? (பாளையங்கோட்டை)

பதில்: போட்டிக்கு உதவும். வீட்டுக்கு வேறு வழி: ஏசாயா 53-ஐ முழுதாக வாசித்து, ‘இது யாரைப் பற்றி?’ என்று கேளுங்கள். ரதத்தில் அதை வாசித்துக்கொண்டு போன எத்தியோப்பிய மந்திரி பிலிப்புவிடம் கேட்டதும் அதுதான்.

கேள்வி: ‘யூதர்கள் அவரை ஏற்கவில்லையே, நாம் எப்படி நம்புவது?’ என்கிறாள் என் பன்னிரண்டு வயது மகள். அடக்கவா? (நாகர்கோவில்)

பதில்: அடக்கினால் அவள் கேட்பதை நிறுத்துவாள், யோசிப்பதை நிறுத்தமாட்டாள். முதலில் நம்பியவர்களும் யூதர்களே என்று சொல்லுங்கள். ஏசாயா 11-ல் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து தங்கும் காலம் வருகிறது. அந்தச் சமாதானம் இன்னும் வரவில்லையே என்பது யூதர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். அவர் திரும்ப வரும்போது அது நிறைவேறும் என்பது நம் நம்பிக்கை. இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்; யூதர்களை இளக்காரமாகப் பேசாதீர்கள்.

பிறகு மத்தேயு 11. ஞானஸ்நானம் கொடுத்த யோவானே சிறையிலிருந்து ஆள் அனுப்பி, வருகிறவர் நீர்தானா என்று கேட்டார். ஆண்டவர் கோபப்படவில்லை. கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்றார்: குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள். ஏசாயா 35-ஐயும் 61-ஐயும் பக்கத்தில் வைத்து மகளையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வேதம் வாசித்துக் கொடுப்பது அம்மாக்களின் வேலைதானே? (பெயர் போடவேண்டாம் என்கிறார், ஓர் அப்பா)

பதில்: தீமோத்தேயுவின் விசுவாசத்தைச் சொல்லும்போது பவுல் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். தகப்பன் பெயர் வேதத்தில் எங்குமே இல்லை. கிரேக்கன் என்று மட்டும் இருக்கிறது. உங்கள் பெயரையும் போடாமல் விட்டிருக்கிறேன், ஐயா. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, இன்று ராத்திரி மாற்கு முதல் அதிகாரத்தை நீங்களே வாசியுங்கள்.